நிலக்கரிப் பட்டியலில் வடசேரி: பட்டா இல்லாதவர்களின் பக்கமிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2023 மார்ச் 29 அன்று ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் வணிகச் சுரங்கங்களுக்கான புதிய ஏல அறிவிப்பை வெளியிட்டது. நாடு முழுவதிலுமிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்க வட்டாரங்கள் இடம்பெற்ற அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவை மூன்று: தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு வட்டத்தில் வடசேரி, அரியலூர் மாவட்டத்தில் மைக்கேல்பட்டி, கடலூர் மாவட்டத்தில் கிழக்குச் சேத்தியாத்தோப்பு. ஏப்ரல் 4 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் இம்மூன்றையும் ஏலத்திலிருந்து விலக்கக் கோரிப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டப்பேரவையில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. ஏப்ரல் 8 அன்று, பிரதமர் சென்னைக்கு வந்திருந்த அதே நாளில், நிலக்கரித் துறை அமைச்சர் பிரகலாத் ஜோஷி மூன்று வட்டாரங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக அறிவித்தார்.

பதினோரு நாள்களில் தொடங்கி முடிந்துவிட்ட இந்த நிகழ்வை டெல்டாவின் வெற்றி என்று பதிவு செய்துவிட்டுப் பலரும் நகர்ந்துவிட்டார்கள். வெற்றிதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஏலம் நடந்திருந்தால், நிலம் எடுக்கும் வேலை தொடங்கியிருந்தால், வடசேரி போன்ற ஓர் ஊரில் யாருடைய இழப்பு கணக்கில் ஏறியிருக்கும், யாருடைய இழப்பு ஏறாமலே போயிருக்கும் என்ற கேள்வியை அந்தப் பதினோரு நாள்களில் எந்தத் தரப்பும் எழுப்பவில்லை. இந்த ஆய்வு அந்தக் கேள்வியைப் பற்றியது. டெல்டாவில் மண்ணைக் காப்பதற்குச் சட்டம் வந்துவிட்டது. அந்த மண்ணில் பாடுபடுகிறவர்களில் பெரும்பகுதியினர் மட்டும் இன்னும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பதே என் முடிவு.

அறிவிப்பு வந்த நேரம்

மார்ச் கடைசி என்பது டெல்டாவில் ஓய்வுக் காலம் அன்று. சம்பா, தாளடி அறுவடை முடிந்து, ஈரம் காயும் முன் தெளித்த உளுந்தும் பச்சைப் பயறும் பறிப்புக்கு வந்துகொண்டிருக்கும். ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் கோடை நெல்லுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருப்பார்கள். மற்றவர்கள் ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா என்ற பேச்சைத் தொடங்கியிருப்பார்கள்.

ஒரத்தநாட்டுப் பக்கம் இதற்கு மேலும் ஒரு நிலைமை உண்டு. பழைய டெல்டாவின் ஆற்றுப் பாசனம் எட்டாத இந்த மேட்டுப் பகுதிக்கு, 1934இல் மேட்டூர் அணையோடு சேர்ந்து வந்த கல்லணைக் கால்வாயே உயிர் கொடுத்தது. அதைப் புது ஆறு என்று மக்கள் இன்றும் சொல்கிறார்கள். இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு அது பாய்கிறது. தண்ணீர் கடைமடை வரை ஒழுங்காக வந்து சேராத ஆண்டுகள் கூடக்கூட, நெல்லோடு தென்னையும் பரவியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. விழுந்த மரங்களை அறுத்து அகற்றவே பல மாதம் பிடித்தது. அதன் பிறகு 2019இல் நட்ட கன்றுகளில் குட்டை, ஒட்டு ரகங்கள் பாளை விடத் தொடங்கும் பருவத்தில்தான், நெட்டை ரகங்கள் காய்ப்புக்கு வர இன்னும் இரண்டு மூன்று ஆண்டு இருக்கும் நிலையில்தான், ஏலப் பட்டியல் வந்தது.

ஏல அறிவிப்பு என்பது வெறும் காகிதம், அதனால் யாருக்கும் நட்டமில்லை என்று அப்போது சிலர் வாதிட்டார்கள். கிராமத்தில் நிலம் எப்படிக் கைமாறுகிறது என்பதை அறிந்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். சுரங்கம் வரப்போகிறது என்ற பேச்சு பரவிய ஊரில் நிலத்தை வாங்க ஆள் வராது. பேசி முன்பணம் கொடுத்திருந்தவரும் பின்வாங்கப் பார்ப்பார். மகள் கல்யாணத்துக்கு அரை ஏக்கரை விற்க நினைத்தவர் அதைப் பாதி விலைக்கு அடமானம் வைக்கும் நிலைக்கு வருவார். கன்றுக்கு உரம் வைப்பதா வேண்டாமா, போர் போடுவதா வேண்டாமா என்ற முடிவுகள் தள்ளிப்போகும். குத்தகைக்கு விட்டவர், நிலம் எடுக்கும் நேரத்தில் உழுதவன் உரிமை கேட்டுவிடக் கூடாது என்று முதலில் செய்வது, குத்தகைக்காரரை வெளியேற்றுவது. இது கடைசியாகச் சொன்னாலும் கனமானது. கீழே திரும்ப வருகிறேன்.

மண்ணுக்கு அடியில்

டெல்டாவுக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது புதிய செய்தி அன்று. இந்தியாவின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில் இருப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. நெய்வேலி, ஜெயங்கொண்டம், மன்னார்குடி ஆகியவை அதன் முக்கியப் படிவங்கள். நெய்வேலியில் 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் (இன்றைய என்.எல்.சி.) தொடங்கப்பட்டு, 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மன்னார்குடிப் படிவம் நெய்வேலியைவிட ஆழத்தில் கிடக்கிறது. அதனால்தான் அங்கே முதலில் கரியைத் தோண்டும் திட்டத்துக்குப் பதிலாக, கரிப் படுகையில் அடைபட்டிருக்கும் மீத்தேனை எடுக்கும் திட்டம் வந்தது. 2010இல் கிரேட் ஈஸ்டர்ன் எனர்ஜி கார்ப்பரேஷன் என்ற தனியார் நிறுவனத்துக்கு 691 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு உரிமம் தரப்பட்டது. 2011 ஜனவரியில் அன்றைய மாநில அரசு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது.

கரிப் படுகையிலுள்ள நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தால்தான் மீத்தேன் பிரிந்து மேலே வரும். நெய்வேலியில் கரியை வெட்டுவதற்கும் இதே போன்ற தேவை உண்டு: கரிப் படுகைக்கு அடியில் பேரழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத்தின் தரை வெடித்து நீர் மேலேறிவிடும். ஆக, தோண்டினாலும் சரி, துளை போட்டாலும் சரி, முதலில் வெளியே வருவது நிலத்தடி நீர்தான். காவிரியில் தண்ணீர் வராத மாதங்களில் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கிற, கிழக்கே கடல் நெருங்கி நிற்கிற ஒரு சமவெளியில் இதன் பொருள் என்ன என்பதை நிலத்தடி நீரியல் படித்தவர்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நாகப்பட்டினம் பக்கத்தில் உப்பேறிய கிணற்றைப் பார்த்த எந்த விவசாயியும் சொல்லிவிடுவார்.

இந்தச் செய்தியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் முதன்மையானவர் கோ.நம்மாழ்வார். மீத்தேன் திட்டத்துக்கு எதிரான பரப்புரையில் இருந்தபோதே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் அவர் காலமானார். 2013இல் மாநில அரசு வல்லுநர் குழுவை அமைத்தது. 2015இல் திட்டத்துக்கு இடமில்லை என்று முடிவெடுத்தது. பின்னர் ஒன்றிய அரசும் அதைக் கைவிட்டது. வடசேரியை ஏலப் பட்டியலில் பார்த்தவுடன் டெல்டா அத்தனை வேகமாகத் திரண்டதற்கு இந்த ஐந்தாறு ஆண்டுப் பயிற்சியே காரணம்.

உழுகிறவர் யார்

நிலம் எடுப்பு என்றவுடன் நம் மனத்தில் வரும் உருவம் பட்டாவைக் கையில் வைத்திருக்கும் விவசாயியின் உருவம். டெல்டாவின் உண்மை நிலை அதுவன்று. நிலம் ஒருவர் பெயரில் இருக்கும், உழுகிறவர் வேறொருவராக இருப்பார், நடுகிறவர்களும் களை பறிப்பவர்களும் இன்னொரு தெருவிலிருந்து வருவார்கள். கோயில்களுக்கும் திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் போன்ற மடங்களுக்கும் பெருமளவு நிலம் உண்டு. சென்னையிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கும் குடும்பங்களின் நிலமும் உண்டு. இவை பெரும்பாலும் வாய்மொழிக் குத்தகையில் நடக்கின்றன. ஒரு மா நிலத்துக்கு (ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) இத்தனை மூட்டை என்று பேசிக்கொள்வார்கள். இப்போது பல இடங்களில் மூட்டைக்குப் பதில் ரொக்கம். எழுத்து எதுவும் இருக்காது.

எழுதிக்கொள்ளச் சட்டம் இல்லாமல் இல்லை. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1955இல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் குடிசையில் வைத்து எரிக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனைகளை அங்கே வாழ்கிறவர்களுக்கே உரிமையாக்கும் சட்டமும் வந்தன. இவற்றில் கடைசிச் சட்டம் பலருக்கு வீட்டு மனை தந்தது. பதிவுச் சட்டம் மட்டும் ஏட்டளவில் நின்றுவிட்டது என்றே சொல்வேன். பதிவு செய்யக் கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்று குத்தகைக்காரருக்குத் தெரியும். பதிவு செய்துவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உடையவருக்கு அச்சம். அதனால் சில உடையவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை ஆளையே மாற்றிவிடுகிறார்கள்.

இதன் விளைவை நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மிக அருகில் பார்க்கலாம். நெல்லைக் கொட்டிவைத்துக்கொண்டு பனியிலும் மழையிலும் இரவெல்லாம் காவல் காப்பவர் குத்தகைக்காரர். ஈரப்பதம் பார்க்கும்போது கெஞ்சுவதும், 40 கிலோ மூட்டையாகப் பிடித்து எடை போடும்போது உடன் நிற்பதும், சுமை தூக்குவோருக்குக் காசு கொடுப்பதும் அவரே. ஆனால் சிட்டாவும் (நில உடைமை விவரச் சான்று) அடங்கலும் (எந்தப் புலத்தில் என்ன பயிர் என்று எழுதும் பதிவேடு) நில உடைமையாளரின் பெயரில் இருப்பதால் விற்பனை அவர் பெயரில் பதிவாகிறது, பணம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகிறது. பிறகு குத்தகையைக் கழித்துக்கொண்டு மீதியை அவர் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள், ஊர் உறவு அந்த அளவுக்கு இருக்கிறது. ஆனாலும் அரசின் கண்ணில் அந்த நெல்லை விளைவித்தவர் நெல் களத்தில் இல்லாத ஒருவர்தான். கூட்டுறவுக் கடனும் பயிர்க் காப்பீடும் நிவாரணமும் இதே காகிதத்தின் வழியேதான் நடக்கின்றன. வடசேரி பட்டியலிலிருந்து நீங்கிய அதே 2023இல் காவிரி நீர் போதாமல் குறுவை காய்ந்தது, அக்டோபர் 10 அன்று மேட்டூர் மூடப்பட்டது. கருகிய குறுவைக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டபோதும், அடங்கலில் பெயர் இல்லாதவர் உடையவரின் நல்ல மனத்தையே நம்பி நிற்க வேண்டியிருந்தது.

விவசாயத் தொழிலாளர்களின் நிலைமை இதற்கும் ஒரு படி கீழே. நடவுக்கும் களைக்கும் போகிற பெண்களின் வேலை நாள்கள் ஏற்கெனவே குறைந்துவிட்டன. அறுவடை இயந்திரம் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நடவு இயந்திரமும் வந்துவிட்டது. அண்மை ஆண்டுகளில் பீகாரிலிருந்தும் மேற்கு வங்கத்திலிருந்தும் ஆள்கள் வந்து ஒப்பந்த அடிப்படையில் நடவு செய்கிறார்கள். டெல்டாவின் வேளாண்மை பழைய மாதிரியே எல்லாருக்கும் சோறு போடுகிறது என்று நான் சொல்லவில்லை. மிச்சமிருப்பது உளுந்து பறிப்பு, வரப்பு வேலை, வைக்கோல், ஆடு மாடு மேய்ச்சல், நூறு நாள் வேலை ஆகியவையே. இவற்றில் மேய்ச்சலைப் பற்றி எந்த இழப்பீட்டுக் கணக்கும் பேசுவதில்லை. அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆண்டுதோறும் ஆட்டு மந்தைகளோடு வரும் கீதாரிகளுக்கும் இந்த மண்ணில் ஒரு பருவ உரிமை உண்டு. அவர்களுக்கு இங்கே முகவரி கூடக் கிடையாது.

சட்டத்தின் கணக்கு

2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டத்தைப் படித்தால் முதலில் நம்பிக்கை வருகிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்குள் நிலமில்லாத விவசாயத் தொழிலாளர், குத்தகைதாரர், கைவினைஞர் ஆகியோரையும், கையகப்படுத்தலுக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அப்பகுதியில் உழைத்துப் பிழைத்திருந்தால், அது சேர்த்துக்கொள்கிறது. மறுவாழ்வாக, வேலை கிடைக்காத நிலையில் குடும்பத்துக்கு ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய் அல்லது மாதம் 2,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுகள் என்ற வாய்ப்பையும் தருகிறது.

ஆனால் தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுக்கும்போது 80 விழுக்காடு குடும்பங்களின் முன் ஒப்புதல் வேண்டும் என்று அதே சட்டம் சொல்லுமிடத்தில், ஒப்புதல் தரும் உரிமை நில உடைமையாளர்களுக்கும் அரசிடம் நிலம் ஒதுக்கீடு பெற்றவர்களுக்கும் மட்டுமே தரப்பட்டிருக்கிறது. குத்தகைக்காரரும் கூலிக்காரரும் பாதிக்கப்பட்டவர்கள், ஆனால் கேட்கப்பட வேண்டியவர்கள் அல்லர். வெளியூரில் வாழும் உடையவர்கள் நல்ல விலை வந்தால் சம்மதிக்கக்கூடும். அதை நான் குறை கூறவில்லை, அவர்களுக்கும் குடும்பம் உண்டு. ஊரிலேயே இருந்து அந்த நிலத்தில் பிழைப்பவர்களுக்கு அந்தச் சம்மதத்தில் ஒரு குரல் கூட இல்லை என்பதுதான் அநீதி. அடுத்து, மூன்று ஆண்டு உழைத்ததை எதைக் கொண்டு மெய்ப்பிப்பது? குத்தகைக்காரருக்குப் பதிவு இல்லை. தொழிலாளரிடம் இருப்பவை குடும்ப அட்டையும் நூறு நாள் வேலை அட்டையும்தான். அவை அவர் அந்த ஊரில் வாழ்கிறார் என்று சொல்லும். எந்த வயலில் நட்டார் என்று சொல்லா. உடையவர் முன்கூட்டியே ஆளை மாற்றிவிட்டால் மூன்று ஆண்டுக் கணக்கே அறுந்துபோகும். அறிவிப்பு வந்தவுடன் முதல் அடி குத்தகைக்காரர் மீது விழும் என்று மேலே சொன்னதன் காரணம் இது.

2020 பிப்ரவரி 20 அன்று நிறைவேறிய தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் (அன்று மயிலாடுதுறை நாகையோடு இருந்தது), கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில ஒன்றியங்களையும் காக்கிறது. எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன், ஷேல் வாயு, அவை போன்ற பிற ஹைட்ரோகார்பன்கள் ஆகியவற்றை ஆராய்வதையும் துளையிடுவதையும் எடுப்பதையும் அது தடை செய்கிறது. முதலமைச்சரின் கடிதத்துக்கு இந்தச் சட்டமே வலுவான ஊன்றுகோலாக இருந்தது. அதில் மூன்று இடைவெளிகளைக் குறிப்பிட வேண்டும். இயற்றப்பட்டபோது தடைப் பட்டியலில் நிலக்கரி வெட்டுதல் நேரடியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. அரியலூர் மாவட்டம் மண்டலத்துக்கு வெளியே இருப்பதால் மைக்கேல்பட்டிக்கு இந்தக் காப்பு கிடையாது. ஏற்கெனவே இயங்கிவரும் எண்ணெய்க் கிணறுகளையும் சட்டம் தொடவில்லை. இவை பற்றி விவசாய இயக்கங்கள் பேசியிருக்கின்றன, தொடர்ந்து பேசுகின்றன. மண்டலத்துக்குள் சாகுபடி செய்கிறவர் யார் என்ற பதிவைப் பற்றிச் சட்டமும் பேசவில்லை, இயக்கங்களும் போதுமான அளவு பேசவில்லை.

வளையமாதேவி காட்டியது

வடசேரியில் நடக்காமல் போனது எப்படி நடந்திருக்கும் என்பதற்கு மூன்று மாதம் கழித்து ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. 2023 ஜூலை 26 அன்று கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், நெய்வேலிச் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட, கதிர் வரும் நிலையில் நின்ற நெற்பயிருக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறக்கப்பட்டன. பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திய நிலம் அது என்பது என்.எல்.சி. நிறுவனத்தின் வாதம். எடுத்த நிலத்தை வைத்துக்கொள்ளாமல் விட்டதால் விவசாயிகள் தொடர்ந்து பயிர் வைத்தார்கள் என்பதும் உண்மை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போயிற்று. பயிரழிவுக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க ஆணையிடப்பட்டது.

பச்சைப் பயிரின் மேல் இரும்புச் சக்கரம் ஏறும் படத்தைத் தமிழ்நாடு முழுவதும் பார்த்தது, கலங்கியது. இழப்பீட்டுக்கு அளவுகோல் ஏக்கர். ஏக்கர் கணக்கு என்றால் ஏக்கர் வைத்திருப்பவர் கணக்கு. அந்த வயலில் நட்ட பெண்களுக்கு, அடுத்து வரவிருந்த அறுவடைக்கும் உளுந்துக்கும் காத்திருந்தவர்களுக்கு, அந்த ஆணையில் இடமில்லை. நீதிமன்றத்தைக் குறை சொல்வதற்கில்லை. அதன் முன் வந்த வழக்கு அது, அதன் முன் இருந்த பதிவேடு அது. சுரங்கத்தில் வேலை கிடைக்குமே என்ற பதிலும் எப்போதும் வருகிறது. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல பத்தாண்டுகளாகப் போராடிவரும் வரலாறு அந்தப் பதிலின் அளவைக் காட்டுகிறது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கே வேலை உறுதியில்லாதபோது, நிலமே இல்லாத குடும்பத்துக்கு எந்த அடிப்படையில் கேட்பது?

இப்போது செய்யக்கூடியது

2023 ஏப்ரல் 8 அன்று நடந்தது, ஓர் ஏலச் சுற்றிலிருந்து மூன்று பெயர்கள் நீங்கியது. கரி அங்கேயே இருக்கிறது, மதிப்பீடுகளும் இருக்கின்றன. மாநிலமும் ஒன்றியமும் எந்த அரசியல் கணக்கில் எப்போது ஒத்துப்போகும், எப்போது மோதும் என்பதை ஒரத்தநாட்டில் உட்கார்ந்து யாரும் முடிவு செய்ய முடியாது. ஊரால் செய்யக்கூடியது, அடுத்த அறிவிப்பு வரும் முன் தன்னுடைய கணக்கைத் தானே எழுதிவைப்பது.

இதற்குக் கிராம சபை பொருத்தமான இடம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடும் சபையில், நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்க்கும் தீர்மானத்தோடு, அந்தப் போகத்தில் எந்தப் புல எண்ணில் யார் சாகுபடி செய்கிறார் என்ற பட்டியலையும், ஊரில் விவசாயக் கூலியை நம்பி வாழும் குடும்பங்களின் பட்டியலையும் இணைத்துத் தீர்மானமாகப் பதியலாம். அது குத்தகை உரிமைப் பதிவுக்கு ஈடாகாது. ஆனால் மூன்று ஆண்டு உழைப்பை மெய்ப்பிக்க வேண்டிய நாளில் அரசு முத்திரையோடு கையில் இருக்கும் ஒரே சான்று அதுவாக இருக்கக்கூடும். நில உடைமையாளர்கள் இதற்கு அஞ்சுவார்கள். சாகுபடிச் சான்று வேறு, நில உரிமை வேறு என்று எழுத்தில் உறுதி தந்தால் அந்த அச்சம் பெருமளவு தணியும். கிராம நிர்வாக அலுவலர் ஒவ்வொரு போகத்திலும் அடங்கலில் பயிரை எழுதும்போது பயிரிட்டவர் பெயரையும் எழுதுவதற்கு வருவாய்த் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே போதும். ஆந்திர மாநிலம் 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டத்தின் வழியாக, உடைமையைத் தொடாமல், பதினோரு மாதத்துக்குச் செல்லும் அட்டையைக் குத்தகை விவசாயிகளுக்கு வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. உடையவரின் ஒப்புதல் தேவை என்ற விதியால் அங்கும் பலர் விடுபட்டார்கள். அந்தக் குறையைத் தவிர்த்து இங்கே எழுத முடியும். பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் திருத்தம் கேட்டு மனுக் கொடுக்கும் விவசாய அமைப்புகள், நிலக்கரிச் சுரங்கத்தைத் தடைப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கும் கோரிக்கைக்குப் பக்கத்திலேயே, மண்டலத்துக்குள் உழுகிறவர்களின் பதிவேட்டையும் இரண்டாவது கோரிக்கையாக எழுத வேண்டும்.